பூசணத்தின் பண்டகசாலையும் மூன்றெழுத்து விலாசமும்



இன்றையக் கூட்டத்தில் நாம் பேசப்போகும் விஷயம் இன்னதென்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு, நண்பர் ஒருவர் வழியிலேயே நம்மை நிறுத்தி, "பேசுவதற்கு உலகத்தில் வேறு சங்கதியே அகப்படவில்லையா? பூசணத்தைப் பற்றி ஒரு பிரசங்கமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடித்தால் வழித்துத் தூர எறிவோமேயொழிய, அதை வைத்துக்கொண்டு நாம் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. ஆனால் அப்படி எறிந்துவிடாமல், அதற்குள்ளே என்ன நடக்கிறதென்று பல வருஷ காலமாய்ப் பொறுமையோடு கிளறிப் பார்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கிளறிப் பார்த்ததன் பலனாக, பிறந்து ஒரு வருஷம் முடிவதற்குள் சாகிற ஒருவிதக் குழந்தைகள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. ஆகவே பூசணம் அற்பமான விஷயமா, பெரிய விஷயமா என்பதைக் கடைசி வரையில் கேட்டுவிட்டுப் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாம் இந்தத் துறையில் பண்டிதரல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். வாசகசாலையில் உட்கார்ந்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் அதிகம். ஆதலால் நமக்கு விளங்கிய மாதிரியிலேயே உங்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறோம். சொல்வதை நாம் சொன்னோமென்பதற்காக நம்பவேண்டாம். ஒவ்வொன்றும் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். அது உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உயிரணுவும் அதனுள் ஓர் அறையும்

தோழர்களே! கள்ளைப் பொங்கவைப்பதும், ரொட்டி மாவை உப்பவைப்பதும் ஈஸ்ட் என்னும் ஒரு பூசணம். பழைய ரொட்டியின்மேல் பச்சையாய்ப் படர்வது இன்னொரு பூசணம். நெற்பயிரில் குலைநோய் உண்டாக்குவதும் பூசணந்தான். இவைகளின் உடலும் நம் உடலைப்போலவே உயிரணுக்களால் ஆனது. நமக்குக் கோடானுகோடி உயிரணுக்கள். ஈஸ்டுக்கு ஒரே ஒரு உயிரணுதான் முழு உடம்பு.

உயிரணு என்றால் ஒரு சொட்டுக் கூழ் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு வீடு மாதிரி. அதற்குள் பல அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறைக்கும் மெல்லிய சவ்வுதான் சுவர். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வேலை நடக்கிறது. அப்படிப்பட்ட அறைகளில் ஒன்றுக்குப் பெராக்சிசோம் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. "பண்டகசாலை" என்றே நாம் வைத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாகப் போட்டால், அதில் ஒரு கூறுக்கு மேல் சாதாரணமாய் இந்த அறை பெரிதாவதில்லை.

இந்த அறையை 1954-ல் ஸ்வீடன் தேசத்து ரோடின் என்பவர் எலியின் சிறுநீரகத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தார். பார்த்தாரேயொழிய அது எதற்கு இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு பெல்ஜியம் தேசத்து தெ துவ் என்பவர் அதைத் தனியாய்ப் பிரித்தெடுத்து, அதற்குள் இருக்கும் சரக்குகள் இன்னின்னவென்று சோதித்து, 1965-ல் அதற்குப் பெராக்சிசோம் என்று பெயரிட்டார். இவருக்கு 1974-ல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இந்த அறையில் நடக்கும் வேலை என்னவென்றால், கொழுப்பை உடைப்பது முதலிய காரியங்கள். அப்படி உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் காரமான சரக்கு உண்டாகிறது. புண்ணின்மேல் ஊற்றினால் நுரைக்கிறதே, அதே சரக்குதான். அது வீடு முழுதும் பரவினால் வீட்டுக்கே கேடு. ஆகையால் அது உண்டாகிற அறைக்குள்ளேயே அதைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடும் கேட்டலேஸ் என்ற ஒரு நொதியும் இருக்கிறது. அடுப்பையும் அதை அணைக்கும் தண்ணீர்க் குடத்தையும் ஒரே அறையில் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது.

அழைத்துப் போவது யார்?

இங்குதான் கேள்வி பிறக்கிறது. கொழுப்பை உடைக்கும் நொதிகள், கேட்டலேஸ் ஆகிய எல்லாம் புரதங்கள். இந்தப் புரதங்களை அறை தானே செய்துகொள்வதில்லை. செய்வதற்கான குறிப்பு ஒன்றுகூட அந்த அறைக்குள் கிடையாது. அவ்வளவும் வெளியே, உயிரணுவின் பொதுக் கூடத்தில்தான் தயாராகின்றன. அந்தக் கூடத்தில் ஆயிரக்கணக்கான விதப் புரதங்கள் திருவிழாக் கூட்டத்தைப்போல் நெருக்கியடித்துக்கொண்டு திரிகின்றன. அவற்றில் இந்த அறைக்கு உரியவை மாத்திரம் பிரிந்து, மூடிக் கிடக்கும் சுவரைத் தாண்டி, சரியாய் உள்ளே போய்விடுகின்றன. மற்றவை போவதில்லை. இது எப்படி நடக்கிறது? வழி காட்டுவது யார்?

இப்பேர்ப்பட்ட கேள்வி வந்தவுடனே, "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவது நமக்குப் பழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஒரு வேலையும் இல்லை, சோதிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிலினால் ஒரு குழந்தைகூடப் பிழைத்ததில்லை. ஒரு வியாதிக்கும் காரணம் தெரிந்ததில்லை. ஆகையால் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

குந்தர் புளோபெல் என்னும் அறிஞர், புரதம் எந்த இடத்துக்குப் போகவேண்டுமென்ற குறிப்பு அந்தப் புரதத்தின் உடலிலேயே அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். இதற்காக அவருக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதாவது ரயிலில் அனுப்பும் பார்சலுக்கு மேலே விலாசம் எழுதியிருப்பதைப்போல், சரக்கின் மேலேயே விலாசம் இருக்கிறது. அப்படியானால் நம்முடைய பண்டகசாலைக்குரிய விலாசம் எது?

மின்மினி சொன்ன பதில்

இதற்குப் பதில் மின்மினிப் பூச்சியிலிருந்து கிடைத்தது. மின்மினியின் வாலில் வெளிச்சம் உண்டாக்கும் லூசிபரேஸ் என்ற புரதம் ஒன்று இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியாகோ கிளையில் சுரேஷ் சுப்பிரமணி, ஸ்டீவன் கூல்ட் முதலானவர்கள் இந்தப் புரதத்தைக் குரங்கின் உயிரணுக்களில் உண்டாகச் செய்து பார்த்தார்கள். குரங்குக்கும் மின்மினிக்கும் என்ன உறவு? ஆனாலும் அந்தப் புரதம் குரங்கின் உயிரணுவுக்குள் நேராய்ப் பெராக்சிசோமுக்குள் போய்ச் சேர்ந்தது!

சரி, விலாசம் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது? லூசிபரேஸ் என்பது 550 அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோத்த ஒரு சரடு. அவர்கள் இந்த மாலையைக் கொஞ்சங்கொஞ்சமாய்த் துண்டித்துப் பார்த்தார்கள். கடைசி நுனியில் கைவைத்தபோது, புரதம் அறைக்குள் போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. 1989-ல் விஷயம் தீர்ந்தது. மாலையின் கடைசி மூன்று மணிகள்தான் விலாசம்: செரின், லைசின், லூசின். ஐந்நூற்றைம்பதில் மூன்றே மூன்று!

வெட்டினால் போகவில்லை என்பது மாத்திரம் ருஜுவாகாது. "வெட்டியதில் புரதமே கெட்டுப்போயிருக்கலாம்" என்று யாரும் ஆட்சேபிக்கலாமல்லவா? ஆகையால் அவர்கள் திருப்பியும் சோதித்தார்கள். இந்த அறைக்குச் சம்பந்தமே இல்லாத, பாக்டீரியாவின் புரதம் ஒன்றை எடுத்து, அதன் வாலில் இந்த மாதிரி விலாசத்தை ஒட்டிவிட்டார்கள். அது நேராய்ப் பண்டகசாலைக்குள் போய்விட்டது. எடுத்தால் நிற்கிறது, ஒட்டினால் போகிறது என்றால் அதற்குமேல் சந்தேகிக்க என்ன இருக்கிறது? 1990-ல் இன்னும் பல இடங்களில் பார்த்தார்கள். ஈஸ்டில், செடியில், பூச்சியில், பாலூட்டும் மிருகத்தில், எல்லாவற்றிலும் இந்த விலாசம் ஒரே மாதிரியாய் வாசிக்கப்படுகிறது. உயிர்களெல்லாம் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இதைவிடக் கண்கூடான அத்தாட்சி வேண்டுமா?

இந்த விலாசத்தில் சிறு மாறுதலுக்கும் இடமுண்டு. செரினுக்குப் பதில் அலனின் இருக்கலாம். லைசினுக்குப் பதில் அர்ஜினின் இருக்கலாம். தபாற்காரர் கொஞ்சம் கோணலான கையெழுத்தையும் வாசித்துவிடுவதைப்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர, சில புரதங்களுக்கு விலாசம் வாலில் இல்லாமல் தலைப்பக்கத்தில் இருக்கிறது. அதை வாசிக்கும் ஆள் வேறு.

சுமக்கும் ஆளும் வாசலும்

விலாசம் எழுதியிருந்தால் போதுமா? வாசிக்க ஓர் ஆள் வேண்டும். சுமந்துபோக ஓர் ஆள் வேண்டும். பூசணத்திலும் நமக்கும் இந்த இரண்டு வேலைகளையும் செய்வது பெக்ஸ்-5 என்னும் ஒரு புரதம். அதன் ஒரு பாதி வளையம்போல் வளைந்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் மேற்படி மூன்றெழுத்து வால் போய்ச் சரியாய் உட்காருகிறது. பூட்டுக்குள் சாவி போவதைப்போல், பொருந்தினால் பிடிக்கிறது, பொருந்தாவிட்டால் விட்டுவிடுகிறது. வாசிப்பது என்று நாம் சொல்வது இந்தப் பொருத்தத்தைத்தான். தலைப்பக்க விலாசத்தைப் பிடிக்கும் ஆள் பெக்ஸ்-7. பூசணங்களில் இந்தப் பெக்ஸ்-7 தனியாய்ப் போவதில்லை. துணைக்கு இன்னோர் ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறது.

சரக்கைப் பிடித்த பெக்ஸ்-5 அறையின் சுவரண்டை போகிறது. அங்கே பெக்ஸ்-13, பெக்ஸ்-14 என்னும் புரதங்கள் வாசற்படியைப்போல் சுவரில் பதிந்திருக்கின்றன. பூசணங்களில் பெக்ஸ்-17 என்பதும் கூட இருக்கிறது. சரக்கோடு வந்த ஆள் அங்கே ஒட்டுகிறான்; சரக்கு உள்ளே போகிறது.

இதில் ஓர் அதிசயம் என்னவென்றால், உயிரணுவின் வேறு சில அறைகளில் புரதம் நுழையவேண்டுமானால், சுருட்டின நூலைப் பிரித்து ஊசிக்காதில் கோப்பதைப்போல், ஒற்றைச் சரடாய்ப் பிரிந்துதான் நுழையவேண்டும். நம்முடைய பண்டகசாலைக்கோ மூட்டையாய்க் கட்டினது கட்டினபடியே போகலாம். 1994-ல் ஈஸ்டில் சோதித்தபோது இரண்டு மூன்று புரதங்கள் கைகோத்துச் சேர்ந்தபடியே உள்ளே போயின. அவற்றில் ஒன்றுக்கு மாத்திரம் விலாசம் இருந்தால் போதும். விலாசமில்லாதது அதன் முதுகில் ஏறிக்கொண்டு போய்விடுகிறது! 1995-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒன்பது கூறு பருமனுள்ள தங்கத் துகளின்மேல் அந்த விலாசத்தை ஒட்டி மனித உயிரணுவுக்குள் விட்டுப் பார்த்தார்கள். தங்கமும் உள்ளே போயிற்று. தங்கத்தைப் பிரித்து நூலாக்க முடியுமா? முடியாது. ஆகவே வாசல் பெரிதாய்த்தான் திறக்கிறது என்று தெரிந்தது.

அப்படியானால் அவ்வளவு பெரிய வாசல் எப்போதும் திறந்து கிடந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிப்போகாதா? இதற்குப் பதில் தேடியதில், 2010-ல் ஈஸ்டின் பெக்ஸ்-5, பெக்ஸ்-14 ஆகியவற்றைக்கொண்டு சோதித்தவர்கள், சரக்கு வரும்போது மாத்திரம் ஒரு துவாரம் திறந்து பிறகு மூடிக்கொள்கிறது என்றார்கள். 2022-ல் அமெரிக்காவில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராபபோர்ட் முதலானவர்கள் வேறு விதமாய்ச் சொன்னார்கள். பெக்ஸ்-13 என்பது வாசலில் அடர்த்தியான வலைபோல் பின்னிக்கிடக்கிறதென்றும், சாதாரணப் புரதத்துக்கு அது அடைத்த வேலி என்றும், பெக்ஸ்-5 மாத்திரம் சரக்கோடு அந்த வலைக்குள் புகுந்து அப்பால் போய்விடுகிறதென்றும் காட்டினார்கள். முன்னே சொன்னவர்களை யாரும் ஊர்விலக்கம் செய்யவில்லை. பின்னே சொன்னவர்களை யாரும் நாத்திகரென்று தூற்றவில்லை. எது அதிகமான சோதனைக்கு நிற்கிறதோ அது நிற்கும். இதுதான் அறிவு வளரும் முறை.

வெளியே வருவதற்குத்தான் கூலி

உள்ளே போன ஆள் திரும்பி வந்தால்தானே அடுத்த சரக்கைச் சுமக்க முடியும்? இங்குதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. பெக்ஸ்-5-ன் தலைப்பக்கம், சுவரிலுள்ள வேறொரு சந்து வழியாய் வெளியே நீட்டுகிறது. அந்தச் சந்து பெக்ஸ்-2, பெக்ஸ்-10, பெக்ஸ்-12 ஆகிய மூன்றும் சேர்ந்து ஆனது. சூட்டில் வளரும் ஒரு பூசணத்திலிருந்து இந்த மூன்றையும் எடுத்து 2022-ல் அதன் உருவத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள். நீட்டிய தலையில் யுபிக்விடின் என்ற ஒரு சிறு புரதம் முத்திரை குத்துவதைப்போல் ஒட்டப்படுகிறது. அந்த முத்திரை குத்தினபின், பெக்ஸ்-1, பெக்ஸ்-6 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த ஓர் இயந்திரம் அதைப் பிடித்து வெளியே இழுக்கிறது. உயிரணுவின் நாணயமான ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் இதற்குத்தான் செலவாகிறது. உள்ளே போவதற்குக் கூலி இல்லை. ஆளைத் திரும்ப வெளியே இழுப்பதற்குத்தான் கூலி!

வெளியே வந்தபின் முத்திரை கழற்றப்படுகிறது. ஆள் மறுபடியும் சுமக்கப் போகிறான். இழுக்கும் இயந்திரம் கெட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆட்கள் சுவரிலேயே சிக்கிக்கொள்வார்கள். சிக்கிக்கொண்ட ஆளுக்கு ஒன்றுக்குமேல் பல முத்திரைகள் குத்தப்படும். அப்படிக் குத்தப்பட்டால் உயிரணுவின் குப்பை அரைக்கும் ஆலை அவனை அரைத்துத் தள்ளிவிடும். அப்புறம் சுமக்க ஆளில்லை. அறைக்கும் சரக்கில்லை. எங்கோ பின்கட்டில் ஓர் இயந்திரம் நின்றதனால் முன்வாசலே பாழாகிறது. இந்த ஒன்றை நன்றாய் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பூசணத்தைப் பட்டினி போட்டுக் கண்டது

இந்த ஆட்களையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்குத்தான் ஈஸ்ட் உதவிற்று. நல்லெண்ணெய், கடலையெண்ணெய் ஆகியவற்றில் ஏராளமாய் இருக்கும் ஒலியிக் அமிலத்தை மாத்திரம் ஆகாரமாய்க் கொடுத்தால், ஈஸ்ட் அதைப் பெராக்சிசோமில்தான் உடைத்துச் சாப்பிடவேண்டும். பண்டகசாலை கெட்ட ஈஸ்ட் அதில் பிழைக்காது. ஆனால் சர்க்கரையைக் கொடுத்தால் சுகமாய் வளரும். 1989-ல் ஜெர்மனியில் போகம் நகரத்துக் கூனாவ், எர்ட்மன் முதலானவர்கள் இதை உபயோகித்து, சர்க்கரையில் வளர்ந்து எண்ணெயில் வளராத ஈஸ்டுகளைப் பொறுக்கினார்கள். அவற்றிலிருந்து பெராக்சிசோம் கெட்டவைகளைப் பிரித்தார்கள். பிறகு நல்ல ஈஸ்டின் மரபணுக்களைத் துண்டு துண்டாய் அவற்றுக்குள் விட்டு, எந்தத் துண்டு போனவுடன் ஈஸ்ட் மறுபடியும் எண்ணெய் சாப்பிட ஆரம்பிக்கிறது என்று பார்த்தார்கள். எது சேர்ந்தால் வேலை நடக்கிறதோ அதுதானே இல்லாமல் போனது? ஹாலந்து தேசத்திலும் அமெரிக்காவிலும் வேறு ஈஸ்டுகளை மெத்தனாலில் வளர்த்து இதேமாதிரி செய்தார்கள். மெத்தனாலில் வளரும் ஒரு ஈஸ்டில் உடம்பில் நூற்றுக்கு எண்பது பங்கு வரையில்கூட இந்த அறைகளே நிறைந்துவிடும். பலர் பல பெயர் வைத்துக் குழப்பமானதால், 1996-ல் எல்லோரும் கூடிப் பெக்ஸ் என்று ஒரே பெயராக்கி நம்பர் போட்டார்கள். இன்று முப்பதுக்கு மேற்பட்ட பெக்ஸ்கள் தெரியும்.

நமக்கு என்ன லாபம்?

"இதெல்லாம் சரி, நமக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். முதலாவது, பெனிசிலின். இந்த மருந்தைச் செய்யும் பூசணத்தில், செய்கையின் கடைசிக் கட்டம் பெராக்சிசோமுக்குள்தான் நடக்கிறது. அந்தக் கட்டத்தைச் செய்யும் நொதியின் வாலில் அலனின், அர்ஜினின், லூசின் என்ற விலாசம் இருக்கிறது. அந்த மூன்றையும் வெட்டிவிட்டபோது நொதி வெளியே நின்றுவிட்டது, பெனிசிலின் உண்டாகவில்லை. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து மூன்று மணிகளின்மேல் நிற்கிறதென்று தெரிகிறதல்லவா?

இரண்டாவது, நூல்போல் படரும் பூசணங்களில் தடுப்புக்குத் தடுப்பு சிறு துவாரம் இருக்கும். ஒரு பக்கம் அறுந்தால் உள்ளிருக்கும் சாறு முழுதும் ஒழுகிப்போகவேண்டியதுதான். ஆனால் உடனே ஒரு கட்டி வந்து, ஓட்டைப் படகில் துணி அடைப்பதைப்போல் துவாரத்தை அடைத்துவிடுகிறது. அந்தக் கட்டி பெராக்சிசோமிலிருந்து உண்டாவது. அதன் புரதமும் இந்த விலாசத்தைப் பார்த்தே அறைக்குள் போய்க் கட்டியாகிறது.

மூன்றாவது, விவசாயத் தோழர்களுக்குரியது. குலைநோய்ப் பூசணத்தின் வித்து நெல் இலைமேல் விழுந்து, ஒரு குமிழாய் உப்பி, மோட்டார் கார் டயரிலிருப்பதைப்போல் நாற்பது மடங்கு அழுத்தத்தோடு இலையைக் குத்தித் துளைக்கிறது. வித்தில் சேமித்த கொழுப்பை உடைத்தால்தான் இது ஆகும். 2006-ல் சிங்கப்பூரில் இந்தப் பூசணத்தின் பெக்ஸ்-6 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அதனால் நெல்லுக்குள் நுழைய முடியவில்லை. இதனால் நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதிரியின் வீட்டில் எந்தத் தூண் முக்கியமானது என்று தெரிந்திருக்கிறது.

குழந்தையின் சங்கதி

இனிமேல்தான் நாம் முதலில் சொன்ன குழந்தைக்கு வருகிறோம். 1964-ல் அமெரிக்காவில் ஒரு வியாதி எழுதிவைக்கப்பட்டது. ஸெல்வெகர் என்ற வைத்தியர் பெயரால் அது வழங்குகிறது. குழந்தை துவண்டு பிறக்கும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, வலிப்பு வரும், ஈரல் வீங்கும், கண்ணும் காதும் சரியாய் வேலை செய்யாது. கடுமையாய் இருந்தால் பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. 1973-ல் இந்தக் குழந்தைகளின் ஈரலில் பெராக்சிசோமே இல்லை என்று கண்டார்கள். 1988-ல் இன்னும் உற்றுப் பார்த்தபோது, இல்லாமலில்லை, சுவர் மாத்திரம் இருக்கிறது, உள்ளே சரக்கில்லை என்று தெரிந்தது. வெறும் கூடுகள்! வீடு கட்டி வாசல் வைத்து, ஒரு மணி நெல்லும் வந்து சேராத பண்டகசாலை.

ஏன் சரக்கு வரவில்லை? 1993-ல் ஒரு ஈஸ்டில் சுமக்கும் ஆளான பெக்ஸ்-5 கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு மனிதரில் தேடினார்கள். 1995-ல் மனிதரின் பெக்ஸ்-5 கிடைத்தது. சில குழந்தைகளில் அது கெட்டிருப்பதும் தெரிந்தது. 1997-ல் பெக்ஸ்-1 கெட்டிருப்பதுதான் மிக அதிகமான குழந்தைகளுக்குக் காரணமென்று தெரிந்தது. பெக்ஸ்-1 எது? ஆளை வெளியே இழுக்கும் இயந்திரம். ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமே, அதுதான்! எண்ணெயில் பிழைக்காத ஈஸ்டில் கண்ட அதே கோளாறு, தாயின் மடியில் துவண்டு கிடக்கும் குழந்தையிலும்.

தோழர்களே! தாய்மார்களே! இந்த மாதிரிக் குழந்தை நம் வீட்டில் பிறந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "பெற்றவள் செய்த பாவம்" என்போம்; "கிரகணத்தில் வெளியே வந்தாள்" என்போம்; "வந்த மருமகள் ராசி" என்போம். குழந்தையைப் பறிகொடுத்தவளின் தலையில் பழியையும் தூக்கி வைப்போம். உண்மை என்ன? ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டிரண்டு இருக்கிறது. ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கலியாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, இரண்டும் கெட்டதாய்க் குழந்தைக்கு வாய்க்கலாம். தகப்பன் பங்கும் தாய் பங்கும் சரிபாதி. இதில் பெண்ணை மாத்திரம் குற்றஞ்சொல்ல என்ன நியாயமிருக்கிறது? ஆணையும் சொல்ல நியாயமில்லை. அவனும் தெரிந்து செய்ததல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கெட்ட மரபணு ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வந்திருந்தால் இரண்டும் சந்திக்கச் சமயம் அதிகம். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று சொத்து வெளியே போகாமலிருக்கக் கலியாணம் செய்கிறோமே, அதில் இந்த அபாயம் கூடுகிறது. அப்படிச் செய்துகொண்டவர்களுக்கெல்லாம் கெடுதல் வருமென்று நாம் பயமுறுத்தவில்லை, பெரும்பாலோர்க்கு வருவதில்லை. கூடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

இந்த வியாதியை அடியோடு தீர்க்க இன்றுவரை மருந்தில்லை. அதை மறைத்துப் பேசுவது நம்முடைய வழக்கமல்ல. ஆனால் ஒரு தடவை இப்படிக் குழந்தையை இழந்தவர்கள், அடுத்த குழந்தைக்கு முன்னாலேயே மரபணுவைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள இன்று முடிகிறது. மந்திரித்த கயிற்றால் அது முடியுமா? பரிகாரத்தால் முடியுமா?

முடிவாக

கடைசியாய் ஒரு கேள்வி. "இவ்வளவு ஒழுங்கான ஏற்பாட்டை யாரோ ஒருவர் யோசித்துத்தானே வைத்திருக்கவேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். உயிரணுவின் வேறோர் அறையில், கெட்டுப்போன புரதத்துக்கு முத்திரை குத்தி வெளியே இழுத்து அரைத்துவிடும் பழைய ஏற்பாடு ஒன்றிருக்கிறது. பெக்ஸ்-5-ஐ வெளியே இழுக்கும் ஏற்பாடு அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கிறது. அதாவது குப்பை அள்ளும் வண்டியைக் கொஞ்சம் மாற்றிச் சரக்கு வண்டியாக்கியிருக்கிறது. புதிதாய்த் திட்டம் போடுகிறவன் இப்படிச் செய்வானா? உள்ளதைக்கொண்டு, எது பிழைக்கிறதோ அது மிஞ்சி, காலப்போக்கில் உண்டானதற்குத்தான் இந்த லட்சணம் பொருந்துகிறது.

ஆகவே தோழர்களே! வழி காட்ட ஆளில்லை. விலாசம் சரக்கிலேயே இருக்கிறது. விலாசமும் சுமக்கும் ஆளும் இழுக்கும் இயந்திரமும் சரியாயிருந்தால் காரியம் நடக்கிறது. ஒன்று கெட்டால் நின்றுவிடுகிறது. இதில் யாருடைய கோபமும் இல்லை, யாருடைய கிருபையும் இல்லை. அடுத்த தடவை உங்கள் தெருவில் ஒரு குழந்தை இப்படித் துவண்டு பிறந்தால், அந்தத் தாயை யாராவது பழி சொல்ல வாயெடுக்கும்போது, நீங்கள் குறுக்கே நின்று, "பொறு, வைத்தியரைக் கேட்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னால், நாம் இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியது வீணாகாது.

சந்தேகமிருப்பவர்கள் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லுகிறோம்; தெரியாததைத் தெரியாதென்று சொல்லுகிறோம்.